வெற்றுத் தோட்டாக்கள்

பித்தளையைத் துலக்குவதற்குப் புளியை விஞ்சிய பொருள் மதுரைச் சீமைக்கு இன்னும் வந்து சேரவில்லை என்றே நாங்கள் கருதுகிறோம். கடைகளில் பொடிகள் உண்டு, குப்பிகளில் மெருகுத் திரவங்கள் உண்டு. ஆயினும் கார்த்திகைக்கு முந்தின வாரம் எந்தத் தெருவில் நடந்தாலும், வாசற்படியில் குத்துவிளக்கைக் கழற்றிப் போட்டுப் புளியும் உப்பும் தேய்க்கும் கைகளைக் காணலாம். புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் செம்பின் மேற்படிந்த கறையைக் கரைக்கிறது. உலோகத்தை அவ்வளவாகத் தொடுவதில்லை. நெடுநேரம் ஊறவிட்டால் மட்டும் துத்தநாகம் கரைந்து வெளியேறி, பித்தளை செம்பைப் போலச் சிவந்துவிடும். "பாத்திரம் வெக்கப்பட்டுப் போச்சு" என்பாள் எங்கள் அப்பத்தா.

அப்பத்தா விளக்கையும் குடத்தையும் துலக்கினாள். அதே வீட்டில், அதே புளியால், சீயான் தோட்டாக்களைத் துலக்கினார். (தந்தையின் தந்தையை எங்கள் பக்கத்தில் சீயான் என்போம்.) உசிலம்பட்டிக்கு மேற்கே மலையடிவாரத்தை ஒட்டிய ஊர். கடலைக் கொடி பிடிக்கும் பருவத்தில் காட்டுப்பன்றி இறங்கும். பயிர்க் காவலுக்கென்று 1962இல் சீயானுக்கு உரிமம் கிடைத்தது. இரட்டைக் குழல், பன்னிரண்டு போர். உரிமத்தோடு ஐம்பது பித்தளைத் தோட்டாக் கூடுகள் வந்தன. சுட்டபின் எறிந்துவிடுகிற அட்டைத் தோட்டாக்கள் அல்ல அவை. முழுக்கப் பித்தளையால் ஆனவை. மீண்டும் மீண்டும் நிரப்பத்தக்கவை.

துப்பாக்கி செய்தவர்கள் பித்தளையைத் தேர்ந்ததற்குக் காரணம் அதன் பளபளப்பன்று. எழுபது பங்கு செம்பும் முப்பது பங்கு துத்தநாகமும் சேர்ந்த கலவைக்கு ஓர் அரிய குணம் உண்டு. மருந்து வெடிக்கும் கணத்தில் கூடு விரிந்து குழலின் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. வாயு பின்னால் கசியாது. அழுத்தம் தணிந்ததும் இம்மியளவு சுருங்கி, இழுத்த இழுப்புக்கு வெளியே வந்துவிடுகிறது. இரும்புக்கு இந்த நளினம் குறைவு.

சீயானின் முறை எங்களுக்கு இன்றும் மனப்பாடம். சுட்ட அன்றே வெந்நீரில் போட வேண்டும். மறுநாள் என்ற பேச்சே கூடாது. கருமருந்து எரிந்தபின் மிஞ்சும் கசடில் பொட்டாசியம் கார்பனேட்டும் சல்பைடும் இருக்கின்றன. முன்னது காற்றின் ஈரத்தை உறிஞ்சும். பின்னது செம்பைக் கறுக்கடிக்கும். இந்தப் பெயர்கள் ஒன்றும் சீயானுக்குத் தெரியாது. "ராத்திரி போனா பச்சை பூத்துரும்" என்பது மட்டும் தெரியும். வெந்நீரில் கசடு விட்டபின் புளிக்கரைசல். அதில் அரை நாழிகைக்கு மேல் வைக்க மாட்டார். செங்கற்பொடியை அவர் அண்டவிட்டதே இல்லை. அது குடத்துக்குச் சரி, கூட்டின் சுவரையோ கீறித் தேய்த்துவிடும். உட்புறம் துலக்குவது சிறுவர்களாகிய எங்கள் பொறுப்பு. வேப்பங்குச்சியின் முனையில் தேங்காய் நாரைச் சுற்றி உள்ளே விட்டுத் திருக வேண்டும். சின்ன விரல்கள் அவ்வேலைக்கென்றே படைக்கப்பட்டவை என்று சீயான் சொல்வார். பிறகு இரண்டு முறை நல்ல தண்ணீர், அதன்பின் மொட்டைமாடியில் வேட்டியை விரித்து வாய் கீழாக ஒரு பகல், வாய் மேலாக ஒரு பகல் காய்ச்சல். இப்போது வெளிநாடுகளில் இதே வேலைக்கு உருளும் எந்திரத்தில் வாதுமை ஓட்டுத்தூளையும் எஃகு ஊசிகளையும் போடுகிறார்கள், சிட்ரிக் அமிலத்தில் ஊறவைக்கிறார்கள். எலுமிச்சையின் அமிலம் அது, புளிக்குப் பங்காளிதான்.

நிரப்பும் வேலையைக் கதவைச் சாத்திக்கொண்டு செய்வார். அங்கே எங்களுக்கு அனுமதி கிடையாது. ஆகவே இங்கே சொல்லவும் ஒன்றுமில்லை.

இரண்டு விலக்குகள் எங்களுக்கு நெடுங்காலம் விளங்கவில்லை. போலீஸ்காரர்கள் இடுப்புவார்க் கொக்கியைத் துலக்கும் பிராஸோவைத் தோட்டாவில் தொடக்கூடாது என்பது ஒன்று. தோட்டாப் பெட்டி மாட்டுத் தொழுவத்தின் பக்கம் இருக்கக்கூடாது என்பது மற்றொன்று. தீட்டு என்று நினைத்துக்கொண்டோம். பின்னாளில் எங்களுள் ஒருவன் உலோகவியல் படிக்கப் போனபோதுதான் காரணம் கிடைத்தது. பிரிட்டிஷ் இந்தியப் படையின் தோட்டாக்கள் மழைக்காலத்தில் தாமாகவே வெடிப்பு விட்டனவாம். யாரும் சுடவில்லை, தட்டவில்லை. குதிரை லாயங்களை ஒட்டி அவற்றைச் சேமித்து வைத்திருந்தார்கள். குதிரை மூத்திரத்தின் அம்மோனியா ஈரக்காற்றோடு சேர்ந்து, கூட்டை இழுத்து வடித்தபோது உலோகத்துள் தங்கிப்போன இறுக்கத்தைப் பற்றிக்கொண்டு பிளந்திருக்கிறது. பருவத்தோடு வந்ததால் அதற்குப் பருவ வெடிப்பு என்றே ஆங்கிலத்தில் பெயர். 1921இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூவர் அதன் காரணத்தை விளக்கி எழுதினார்கள். பிராஸோவிலும் அம்மோனியா உண்டு. பட்டாளத்திலிருந்து திரும்பிய யாரோ ஒருவர் வாய்வழியாக அந்த அறிவு உசிலம்பட்டிக் கரிசல்வரை வந்திருக்க வேண்டும் என்பது எங்கள் ஊகம்.

அப்பத்தாவின் விலக்கு வேறு வகை. விளக்குத் துலக்கும் கல்லில் தோட்டா வரக்கூடாது. கொல்லையில் முருங்கைக்கு அடியில் தனிக் கல். புளியும் தனி, மிஞ்சியதை வாழை மூட்டில் கொட்டிவிட வேண்டும். வெள்ளியும் செவ்வாயும் விளக்கே துலக்கக்கூடாத நாட்கள் என்பதால் வியாழனன்று விளக்கு. புதனன்று சீயானின் வேலை. இரண்டும் ஒருநாளும் ஒரே வெயிலில் காய்ந்ததில்லை.

அவள் பிறந்த ஊர் பெருங்காமநல்லூருக்குப் பக்கம். 1911ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டத்தை எங்கள் பெரியவர்கள் ரேகைச் சட்டம் என்றே சொல்வார்கள். வயதுவந்த ஆண்கள் கைரேகை பதிய வேண்டும். பலர் இரவில் கச்சேரியில் போய்ப் படுக்க வேண்டும். பெருங்காமநல்லூர் ரேகை கொடுக்க மறுத்தது. 1920 ஏப்ரல் 3ஆம் நாள் போலீஸ் சுட்டது. பதினாறு பேர் மாண்டனர், மாயக்காள் என்ற பெண் உட்பட. அப்பத்தா அதன்பின் பிறந்தவள். ஆனால் அவள் அம்மா காதால் கேட்ட வெடிச்சத்தத்தைத் தானே கேட்டவள்போலச் சொல்லுவாள். மதராஸ் மாகாணத்தில் அந்தச் சட்டம் நீங்கியது 1947இல். சீயானின் தகப்பனார் கச்சேரித் திண்ணையில் படுத்து எழுந்தவர். அவர் மகனுக்குப் பதினைந்தே ஆண்டுகளில் அதே சர்க்கார் முத்திரை வைத்துத் துப்பாக்கி கொடுத்தது. அந்த ஐம்பது கூடுகளை அவர் ஏன் அப்படிக் கண்ணாடிபோல் வைத்திருந்தார் என்பதை இப்போது யோசிக்கிறோம். கணவனும் மனைவியும் இது பற்றி வாதிட்டு நாங்கள் கேட்டதில்லை. ஒருவர் துலக்கினார், மற்றவர் கல்லைப் பிரித்துவைத்தார்.

வெற்றுத் தோட்டாவை எண்ணுவது ஆயுதம் வைத்திருப்பவனின் கடமை. கல்லூரி என்.சி.சி.யில் சுடும் பயிற்சி முடிந்ததும் மண்ணில் குனிந்து காலிக் கூடுகளைப் பொறுக்கி, கொடுத்த கணக்கோடு சரிபார்த்தபின்தான் எங்களை விடுவார்கள். ஜாலியன்வாலா பாக்கில் 1919இல் சுடப்பட்டவை ஏறத்தாழ 1650 என்கிறார்களே, அந்த எண்ணும் சிப்பாய்கள் பொறுக்கிய காலிக் கூடுகளை எண்ணி வந்தது என்பார்கள். இறந்தவர் தொகையில்தான் கடைசிவரை சர்ச்சை. பித்தளைக்கு இருந்த கணக்கு மனிதருக்கு இல்லை.

அப்பாவின் காலத்தில் கட்கி ஆலையின் சக்திமான் தோட்டாக்களே போதுமென்றாகிவிட்டன. பித்தளைக் கூடுகள் ஒரு பிஸ்கட் தகரத்துக்குள் போயின. அப்பா காலமானபின் துப்பாக்கியை முறைப்படி ஒப்படைத்துவிட்டோம். வீட்டை ஒழிக்கும்போது தகரம் அகப்பட்டது. எண்ணினால் நாற்பத்து மூன்று. மீதி ஏழு எங்கே போயின என்று எவருக்கும் தெரியவில்லை.

என்ன செய்வது என்பதில் எங்களுக்குள் ஒற்றுமை இல்லை. எங்களுள் மூத்தவள் மதுரையில் பாத்திரக் கடையில் எடைக்குப் போட்டு ஒரு விளக்கு வாங்கலாம் என்றாள். இளையவன் கொலுப்படியில் வைக்கலாம் என்றான். நடுவிலவன் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தைப் புரட்டி, வெடிபொருளின் உறுப்புகளும் வெடிபொருள் என்றே அங்கு எழுதியிருப்பதைக் காட்டினான். வெற்றுக் கூடு உறுப்பா, வெறும் பித்தளையா? கேட்ட வழக்குரைஞர் சிரித்துவிட்டு, பட்டியல் போட்டு நிலையத்தில் கொடுத்துக் கையெழுத்து வாங்கிவிடுங்கள் என்றார். ஒப்படைப்பது என்று முடிவாயிற்று. அழுக்கோடு ஒப்படைப்பதா என்பது அடுத்த வழக்கு. பச்சை பூத்துக் கறுத்துக் கிடந்தன. சீயான் இருந்தால் அப்படிக் கொண்டுபோயிருக்க மாட்டார்.

ஒரு புதன்கிழமை துலக்கினோம். அப்பத்தா போய்ப் பதினெட்டு ஆண்டுகள் ஆகியும் அத்தை எங்களை முருங்கையடிக்கே போகச் சொன்னாள். எங்கள் விரல்கள் இப்போது உள்ளே நுழையவில்லை; அத்தையின் பேத்தியை அழைத்துக் குச்சியைக் கொடுத்தோம். கறை நீங்கியதும் நான்கு கூடுகளின் வாயில் மயிரிழை வெடிப்புகள் தெரிந்தன. தகரம் எத்தனை ஆண்டுகள் தொழுவத்துப் பரணில் கிடந்ததோ. அடிப்பக்கத் தட்டில் துப்பாக்கியின் பின்முகம் அழுந்திய தடம் ஒவ்வொன்றிலும் இருந்தது. அதைப் புளி எடுக்கவில்லை.

நிலையத்து எழுத்தர் மேசையில் பத்துப் பத்தாக அடுக்கி எண்ணினார். "என்ன, புதுசு மாதிரி இருக்கு?" என்றவர், பதிவேட்டில் "பழைய பித்தளைக் கூடு 43" என்று எழுதி, எங்களில் ஒருவர் மட்டும் கையெழுத்திட்டால் போதும் என்றார். மூத்தவள் இட்டாள். ஊர் திரும்பியபோது அத்தை மிஞ்சிய புளியை வாழைக்கு ஊற்றிவிட்டுக் கைகழுவிக்கொண்டிருந்தாள். மறுநாள் வியாழன், விளக்குகளைக் கழற்றி முற்றத்தில் வைத்தாயிற்று.