ஒரு எண் போதாது

மெல்பர்னில் நாங்கள் மூன்று பேர் ஒரே வாடகை வீட்டில் இருந்தபோது, எங்களில் இளையவரான தம்பி ஒரு பழைய மஸ்தா ஆர்எக்ஸ்-8 வாங்கினார். வேண்டாம் என்றோம், கேட்கவில்லை. சில மாதங்களில் எஞ்சின் போனது. மூவரின் சேமிப்பையும் போட்டு ஒரு பட்டறையில் பிரித்துக் கட்டினோம். காலையில் சாவியைத் திருப்பியதும் கிளம்பும். ஓடிச் சூடானபின் நிறுத்தினால் கிளம்பாது. பட்டறைக்காரர் தாளை நீட்டினார்: முன் ரோட்டர் 110, பின் ரோட்டர் 105 பிஎஸ்ஐ. கம்ப்ரெஷன் நன்றாக இருக்கிறதாம், பேட்டரியைப் பார்க்க வேண்டுமாம்.

தோழர்களே, அந்தத் தாளில் பொய் இல்லை. அளந்த விதத்தில்தான் கோளாறு. ரோட்டரி எஞ்சினில் முக்கோண ரோட்டரின் மூன்று பக்கங்களும் மூன்று அறைகள். ஒரே பிளக் துளையை அவை மாறி மாறிக் கடக்கும். பிஸ்டன் எஞ்சினுக்கான கேஜில் காற்றைத் திரும்ப விடாத சிறு வால்வு உண்டு. அது மூன்றில் உயர்ந்ததை மட்டும் பிடித்து வைத்துக் காட்டும். மற்ற இரண்டும் எப்படிக் கிடந்தாலும் தெரியாது. (சராசரி வருமானக் கணக்குகளோடு வருடக்கணக்கில் மல்லுக்கட்டிய எங்களுக்கே இது உடனே உறைக்கவில்லை!)

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்களே இறங்கினோம். பேட்டரியை முழுக்க சார்ஜ் ஏற்றி, எஞ்சினைச் சூடாக்கி, பெட்ரோலையும் ஸ்பார்க்கையும் துண்டித்தோம். ரோட்டருக்கு இரண்டு பிளக். ஒன்றைக் கழற்றி, வால்வை எடுத்துவிட்ட கேஜை மாட்டினோம். ஒருவர் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தபடி ஸ்டார்ட்டரைச் சுற்ற, இன்னொருவர் ஊசியை ஃபோனில் வீடியோ எடுத்தார்.

முன் ரோட்டரில் மூன்று துடிப்பும் ஒரே உயரம். பின் ரோட்டரில் ஒன்று உயரம், இரண்டு தாழ்வு. "அக்கா, ஊசி நொண்டுது" என்றார் தம்பி. வால்வு இல்லாத கேஜின் எண்ணை நம்ப முடியாது, ஏற்ற இறக்கத்தை நம்பலாம். பக்கத்துப் பக்கத்து அறைகள் இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரே அபெக்ஸ் சீல். அது கசிந்தால் இரண்டும் விழும்.

ரோட்டரிக்கான கருவி உள்ள இடத்தில் மறுபடி அளந்தோம். அது ஆறு அறைக்கும் ஆறு எண் தரும், 250 ஆர்பிஎம்முக்குத் திருத்தி. ஆர்எக்ஸ்-8க்குக் குறைந்தபட்சம் 680 கிலோபாஸ்கல், ஒரே ரோட்டருக்குள் வித்தியாசம் 150க்கு மேல் போகக் கூடாது. எங்கள் பின் ரோட்டர்: 720, 540, 560.

புது சீல் படிய நாளாகும் என்றார் பட்டறைக்காரர். படியாத சீல் என்றால் மூன்றும் அல்லவா தாழ்ந்திருக்க வேண்டும்? அதன்பிறகே பிரித்தார். ஒரு சீலின் அடியில் ஸ்பிரிங் சரியாக உட்காரவில்லை. கூலி கேட்கவில்லை, சீலுக்கும் ரப்பர் வளையங்களுக்கும் எங்களிடமே வாங்கினார். அது இன்னும் உறுத்துகிறது. பிறகு காரை விற்றபோது, புதிதாக அளந்த ஆறு எண்களையும் தாளில் எழுதிச் சாவியோடு கொடுத்தார் தம்பி.