மனைவியை நேசித்த ஜனாதிபதி

திங்கட்கிழமை எங்கள் றெஸ்ரோரண்டுக்கு விடுமுறை. கிழமையில் அந்த ஒரு நாள்தான் பிள்ளைகளோடு இருந்து ஆறுதலாகச் சாப்பிடக் கிடைப்பது. போன மாதம் ஒரு திங்கள் இரவு, ஏழாம் வகுப்புப் படிக்கும் மகள் புட்டைக் குழைத்தபடி கேட்டாள்.

"அப்பா, குஸ்ராவ் ஹைனமன் ஆர் எண்டு தெரியுமோ?"

"ஜேர்மனியின்ரை பழைய ஜனாதிபதி."

"அது எனக்கும் தெரியும். வேறை?"

வேறு ஒன்றும் தெரியாது. எசன் நகரில் அவள் படிக்கிற பள்ளிக்கூடத்தின் பெயரே அவருடையதுதான். இரண்டு வருடமாக அந்தப் பெயர் போட்ட கடிதங்களில் கையெழுத்து வைத்துக் கொடுக்கிறேன். பிரஜாவுரிமைப் பரீட்சையில் 33 கேள்விக்கு 17 சரியென்றால் பாஸ். நான் 31 எடுத்தவன். முதலாவது ஜனாதிபதி தெயோடர் ஹொய்ஸ் என்று பாடமாக்கினேன். மூன்றாவது ஆளை என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை.

அவளுக்கு அவரைப் பற்றி வகுப்பில் பத்து நிமிடம் பேச வேண்டுமாம். "நான் தேடிச் சொல்லுறன்" என்றேன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் அரசறிவியல் படித்து மூன்றாம் வருடத்தோடு விட்டவன் நான். பதினைந்து வருடமாகப் பீட்சா அடுப்புக்கு முன்னால் நின்றாலும் அந்தப் பழைய திமிர் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. மத்தியானச் சாப்பாட்டுக் கூட்டம் போனபிறகு மூன்று மணி தொடக்கம் ஐந்து மணி வரை எங்களுக்கு ஓய்வு. பின்பக்கப் படியில் இருந்து கைத்தொலைபேசியில் வாசிக்கத் தொடங்கினேன். மகளுக்காக வாசித்தது, பிறகு எனக்காக என்று ஆகிவிட்டது.

ஹைனமன் 1899 இல் ஷ்வெல்ம் என்ற சிறு ஊரில் பிறந்தவர். வளர்ந்தது எசனில். தகப்பன் க்ரூப் உருக்குக் கம்பனியில் வேலை. தாய்வழிப் பேரன் கூரை வேய்கிற மேஸ்திரி. அந்தப் பக்கத்துப் பூட்டன் 1848 புரட்சியில் நின்றவர். ஹைனமன் சட்டம் படித்து வழக்கறிஞராகி, இங்கேயே ஓர் உருக்குக் கம்பனியின் நிர்வாகத்துக்கு வந்தார்.

ஹிட்லர் காலத்தில் தேவாலயங்களை நாஜிகள் கைக்குள் போட முயன்றபோது அதை எதிர்த்த புரட்டஸ்தாந்துக்காரர் சேர்ந்து 'அறிக்கைத் திருச்சபை' என்று ஒன்றை நடத்தினார்கள். ஹைனமன் அதில் இருந்தார். தன் வீட்டு நிலவறையில் அதன் துண்டுப் பிரசுரங்களைக் களவாக அச்சடித்தவர். அதற்காக அவரைப் பெரிய வீரன் என்று நான் சொல்ல வரவில்லை. அதே காலம் முழுக்கக் கம்பனி வேலையிலும் இருந்தார். உருக்குக் கம்பனி யுத்தத்துக்கு எவ்வளவு தேவை என்பது உங்களுக்குத் தெரியும். யுத்தம் முடிந்து 1945 அக்டோபரில் ஸ்ருட்கார்ட்டில் புரட்டஸ்தாந்துத் தலைவர்கள் தங்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஓர் அறிக்கை விட்டார்கள். இன்னும் துணிவாகப் பேசியிருக்க வேண்டும், பேசவில்லை என்பதுதான் அதன் சாரம். களவாக அச்சடித்த மனிசனும் அதில் கையெழுத்து வைத்தார். 'நான்தான் எதிர்த்தேனே, எனக்கேன்' என்று அவர் கேட்டிருக்கலாம்.

பிறகு எசனின் மேயர். 1949 இல் அடனவரின் முதல் அமைச்சரவையில் உள்துறை அமைச்சர். அடுத்த வருடமே பிரச்சினை வந்தது. 1950 கோடையில் கொரிய யுத்தம் தொடங்கியிருந்தது. மேற்கு ஜேர்மனியும் படை தரும் என்று அடனவர், அமைச்சரவையைக் கேளாமலே நேச நாடுகளிடம் சொல்லிவிட்டார். கடவுள் இரண்டு தரம் எங்கள் கையிலிருந்து ஆயுதத்தைப் பறித்தார், மூன்றாம் தரம் நாங்களாக எடுக்கக் கூடாது என்பது ஹைனமனின் நிலைப்பாடு. படை கட்டினால் பிரிந்த இரண்டு ஜேர்மனியும் சேரவே முடியாது என்றும் நினைத்தார். 1950 அக்டோபரில் பதவியை விட்டு வெளியேறினார்.

இந்த இடத்தில் வாசிப்பை நிற்பாட்டிவிட்டு ஒரு சிகரெட் பற்றவைத்தேன்.

அமைச்சர் பதவியை விட்டது பெரிதில்லை. அதற்குப் பிறகு வந்த வருடங்கள்தான் பெரிது. 1952 இல் கட்சியை விட்டார். ஹெலன வெசல் என்ற பெண் அரசியல்வாதியோடு சேர்ந்து புதுக் கட்சி ஒன்று தொடங்கினார். 1953 தேர்தலில் அதற்குக் கிடைத்தது 1.2 சதவீதம். இரும்பும் நிலக்கரியும் திரும்ப ஓடத் தொடங்கிய காலம். சனங்கள் அடனவர் பக்கம். மேற்கு ஜேர்மனி 1955 இல் படையும் கட்டியது. 1957 இல் கட்சியைக் கலைத்துவிட்டு ஹைனமன் சமூக ஜனநாயகக் கட்சிக்குப் போனார். அப்போது அவருக்கு ஐம்பத்தேழு வயது. இனி இவர் கதை முடிந்தது என்றுதான் நினைத்திருப்பார்கள்.

2006 இல் நான் கம்பஸில் இருந்தபோது யுத்தம் திரும்ப வரப் போகிறது என்று எல்லோருக்கும் தெரியும். என் அறையில் என்னோடு இருந்தவன் ஒருவன், இன்னொரு யுத்தம் எங்கள் சனத்தை அழித்துவிடும் என்று கன்ரீனில் வைத்துச் சத்தமாகச் சொன்னான். யாரும் அவனோடு தர்க்கப்படவில்லை. ஒவ்வொருவராகத் தேநீர்க் கோப்பையை எடுத்துக்கொண்டு எழும்பினார்கள். நானும் எழும்பினேன். அவன் சொன்னது எனக்குப் பிழையாகப் படவில்லை. எனக்குப் பயம். அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒரே அறையில் இருந்தும் நாங்கள் பெரிதாகக் கதைக்கவில்லை. ஆகஸ்டில் முகமாலைப் பாதை பூட்டியது. நான் கப்பலில் திருகோணமலைக்கு வந்து கொழும்பு போய், அடுத்த வருடம் இங்கே வந்து சேர்ந்தேன். அவன் என்ன ஆனான் என்று தெரியாது.

1.2 சதவீதம் என்ற கணக்கு ஏன் என்னைத் தைத்தது என்று இப்போது விளங்கியிருக்கும். அவனுக்கு எங்கள் கன்ரீனில் அதுகூடக் கிடைக்கவில்லை.

ஹைனமன் 1966 இல் நீதி அமைச்சராகத் திரும்பி வந்தார். 1968 ஏப்ரல் 11 இல் மாணவர் தலைவர் ரூடி டுச்சுக்கவை பேர்லினில் ஒருவன் சுட்டான். நாடு முழுக்க மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். ஈஸ்டர் ஞாயிறன்று ஹைனமன் தொலைக்காட்சியில் பேசினார். மாணவரைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். மற்றவனைச் சுட்டுவிரலால் காட்டுகிறவன், அதே கையில் மூன்று விரல் தன்னையே காட்டுவதைப் பார்க்க வேண்டும் என்றார். இது எங்கள் ஊரில் ஆச்சிமாரும் சொல்லுகிற கதைதான். ஆனால் நாடு கொதிக்கும்போது ஒரு நீதி அமைச்சர் தன் பக்கத்தையும் சேர்த்துச் சொன்னதை நான் வேறெங்கும் கேள்விப்படவில்லை.

1969 மார்ச் 5 இல் ஜனாதிபதித் தேர்தல். மூன்றாவது சுற்றில் 512க்கு 506 என்று வென்றார். வெறும் ஆறு வாக்கு. அந்தக் காலத்தில்தான் இந்த அரசை நேசிக்கிறீர்களா என்று ஒரு பத்திரிகையாளர் கேட்க, தான் அரசுகளை நேசிப்பதில்லை, மனைவியை நேசிக்கிறேன் என்று சொல்லி முடித்துவிட்டார். இதை வாசித்ததும் படியில் இருந்து தனியாகச் சிரித்தேன். மனைவிக்குப் போன் எடுத்துச் சொன்னேன். "அவர் சொன்னவர் சரி, நீங்கள் வரேக்கை பால் வாங்கிக்கொண்டு வாங்கோ" என்றாள்.

ஆனால் அவர் நாட்டை வெறுத்தவர் இல்லை. 1969 ஜூலை 1 இல் பதவியேற்றபோது, சிக்கலான தாய்நாடுகள் உண்டு, அதில் ஒன்று ஜேர்மனி, என்றாலும் அது எங்கள் நாடு என்ற கருத்தில் பேசினார். அவர் சின்னப் பிள்ளையாக இருந்த காலத்தில், ஒரு மனிதன் தன்னை நிரூபிக்க வேண்டிய இடம் யுத்தம் என்று படிப்பித்தார்களாம். இன்றைக்கு அந்த இடம் சமாதானம் என்றார். அந்த வருட நவம்பரில் நெதர்லாந்துக்குப் போனார். ஹிட்லரின் படை ஐந்து வருடம் பிடித்து வைத்திருந்த நாடு அது. புத்தாண்டு வரவேற்புக்குச் சாதாரண சனங்களையும் வீட்டுக்குக் கூப்பிட்டார். இரண்டாம் தடவை நிற்க மறுத்து 1974 இல் இறங்கினார். இறங்க முதல் ராஷ்ராட் கோட்டையில், விடுதலைக்காகப் போராடித் தோற்ற ஜேர்மனியருக்கு ஒரு நினைவகம் திறந்து வைத்தார். வென்றவர்களுக்குச் சிலை வைப்பதைத்தான் நாங்கள் கண்டிருக்கிறோம். 1976 ஜூலை 7 இல் இங்கே எசனில் இறந்தார்.

மகளுக்கு இவ்வளவையும் டொச்சில் எழுத உதவி செய்தேன். இலக்கணப் பிழைகளை அவள்தான் திருத்தினாள். முடிய என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"அப்பா, உங்களுக்கு எந்த நாட்டிலை விருப்பம்?"

அம்மாவில்தான் விருப்பம் என்று ஹைனமன் மாதிரிச் சொல்லித் தப்பியிருக்கலாம். பகிடியாகவும் இருந்திருக்கும். நான் அந்தக் கன்ரீன் கதையைச் சொன்னேன். முதல்தரம் ஒருவருக்குச் சொன்னது. மனைவிக்கும் அதுவரை தெரியாது.

"அவர் இப்ப எங்கை?"

"தெரியாது."

"தேடிப் பாத்தனீங்களோ?"

நான் தேடவில்லை. பதினெட்டு வருடத்துக்கு மேலாகிறது, ஒரு நாளும் தேடவில்லை.

அடுத்த திங்கள் எசன் பார்க் மயானத்துக்குத் தனியாகப் போனேன். ஹைனமனை அங்கேதான் அடக்கம் செய்திருக்கிறார்கள். கும்பிடப் போகவில்லை. பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

மகள் அந்தக் கதையைத் தன் பேச்சில் சேர்க்கவில்லை. அது அவளுடைய வகுப்புக்கு உரியதும் இல்லை. ஆகவே நான் எழுதி வைக்கிறேன். மச்சான், எங்கேயாவது இருந்து இதை நீ வாசித்தால், அன்றைக்கு அந்த மேசையை விட்டு நான் எழும்பினது பிழை. நீ சொன்னது சரியென்று எனக்கு அப்போதே தெரியும்.