பழைய பிலிமும் புதிய ஸ்கானும்

மகாராஷ்டிரத்தின் முதற் கோவிட் நோயாளிகள் 2020 மார்ச்சு 9 அன்று நம் புனே நகரில்தான் கண்டறியப்பட்டனர். அதற்குப் பின்வந்த ஓராண்டுக் காலம், நம்மவர் இருவர் தொலைபேசியில் பேசத் தொடங்கினால், குசலம் விசாரிக்கு முன்னரே, "ஸ்கோர் எவ்வளவு?" என்ற கேள்வி எழும். இருபத்தைந்துக்கு இத்தனை என்று நெஞ்சு ஸி. டி. ஸ்கான் அறிக்கையில் எழுதித் தரும் எண்ணைப் பற்றிய கேள்வி அது. பிள்ளைகளின் பரீட்சை மார்க்கைப் போல் அதனை ஒப்பிட்டுப் பார்த்தவர்களும் உண்டு. 2020 செப்டம்பரில் மாநில அரசு அந்த ஸ்கானுக்கு 2000 முதல் 3000 ரூபாய் வரை எனக் கட்டண வரம்பு விதித்தது. எளியோருக்கு அது பேருதவியே. எனினும் இலேசான காய்ச்சலுக்கு ஒரு ஸ்கான், சில நாள் கழித்து மறுபடி ஒன்று என்று ஓடியவர்களும் இருந்தனர்.

இந்நிலையில் 2021 மே 3 அன்று தில்லி எய்ம்ஸ் மருத்துவ நிலையத்தின் அந்நாளைய இயக்குநர் டாக்டர் ரண்தீப் குலேரியா, ஒரு ஸி. டி. ஸ்கான் 300 முதல் 400 எக்ஸ்ரே படங்களுக்குச் சமம் என்று எச்சரித்தார். இந்தியக் கதிரியக்க மருத்துவர் சங்கத்தார் உடனே மறுத்து, இக்காலக் கருவிகளில் அது ஐந்து முதல் பத்து எக்ஸ்ரேக்கு மேற்படாது என்றனர். கேட்ட நாம் திகைத்தோம். எவர் சொல்வதை நம்புவது?

கணக்கிட்டுப் பார்த்தால் இரண்டுக்கும் இடமிருக்கிறது. கதிரின் அளவை மில்லி சீவர்ட் என்ற அலகால் அளக்கின்றனர். நெஞ்சு எக்ஸ்ரே ஒன்றுக்கு 0.02 முதல் 0.1 வரை ஆகும். வழக்கமான நெஞ்சு ஸ்கானுக்கு ஆறு, ஏழு ஆகலாம். ஆறினை 0.02 ஆல் வகுத்தால் முந்நூறு! குறைந்த அளவில் எடுக்கும் ஸ்கானுக்கு ஒன்று போதும், அதனை 0.1 ஆல் வகுத்தால் பத்து. வகுக்கும் எண்ணும் வகுபடும் எண்ணும் மாறின, சண்டை அவ்வளவே. மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் இயற்கையாகவே ஆண்டொன்றுக்கு உலக சராசரியாக 2.4 மில்லி சீவர்ட் நம்மேல் படுகிறது. தோரியம் கலந்த மணவாளக்குறிச்சி மணலுக்கருகில் பிறந்து வளர்ந்த குமரி மாவட்டத்து அன்பர்கள் அதனினும் மிகுதியாகப் பெற்றிருக்கக்கூடும். ஆகவே ஒரு ஸ்கானைக் கண்டு நடுங்க வேண்டுவதில்லை. ஒரே உடலைக் காரணமின்றிப் பன்முறை ஸ்கான் செய்வதே கவலைக்குரியது.

ஒரே இயந்திரம் ஒருமுறை ஒன்றும் மறுமுறை ஆறும் தருவது எங்ஙனம்? கதிர்க்குழாயிற் செல்லும் மின்னோட்டத்தைப் பாதியாக்கினால் கதிரும் பாதியாகும். படத்தில் சற்றே மணல் தூவினாற்போல் புள்ளி விழும், அவ்வளவே. எலும்பையோ நுரையீரலையோ காண அப்புள்ளி பெரும்பாலும் தடையன்று. அப்புள்ளிகளைக் கணிப்பொறியே துடைத்துத் தரும் முறைகளும் இப்போது வந்துள்ளன. வேண்டிய பகுதியோடு நிறுத்திக்கொள்வதும், மருந்து செலுத்துமுன் ஒன்று, பின் ஒன்று என இருமுறை எடுப்பது அவசியந்தானா என்று பார்ப்பதும் அளவைக் குறைக்கும் வழிகளே.

குழந்தைகள் விஷயத்தில் இது மிகவும் முக்கியம். பெரியோருக்குரிய அளவையே சிறு உடலுக்கும் வைத்து எடுக்கும் வழக்கம் 2001 ஆம் ஆண்டில் மேனாட்டு மருத்துவ இதழ்களில் பெரும் விவாதமாயிற்று. குழந்தைகளுக்கென அளவைக் குறைக்கும் இயக்கமொன்று 2008 இல் அமெரிக்காவில் எழுந்தது. 2012 இல் பிரிட்டனில் வெளியான ஆராய்ச்சியொன்று, பத்து வயதுக்குட்பட்டோருக்கு எடுக்கும் தலை ஸ்கான்கள் பதினாயிரத்துக்கு, அடுத்த பத்தாண்டில் ஓர் இரத்தப் புற்றுநோயும் ஒரு மூளைக் கட்டியும் கூடுதலாக நேரலாமென மதிப்பிட்டது. மாடிப்படியில் விழுந்து மண்டையில் அடிபட்டு மயங்கிக் கிடக்கும் பிள்ளைக்கு ஸ்கான் வேண்டாமென்று சொல்வது பேதைமை. விழுந்தெழுந்து விளையாடும் பிள்ளைக்கு, தாய் மனம் ஆறவேண்டுமென்பதற்காக மட்டும் எடுப்பது வேறு. வயிற்றுவலிக்கு அல்ட்ராசவுண்டு போதுமா என்று டாக்டரிடம் கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. அதில் இக்கதிரே கிடையாது.

பிள்ளைக்கு ஈயக் கவசம் போர்த்தவில்லையே என்று எக்ஸ்ரே அறையில் சச்சரவு செய்யும் தாய்மாரும் உளர். அவர்கள் அறியவேண்டிய செய்தி ஒன்று உண்டு. 2019 இல் அமெரிக்க மருத்துவ இயற்பியலார் சங்கம், நோயாளிக்கு வழக்கமாகக் கவசமிடுவதை நிறுத்தலாமென்று கூறிவிட்டது. பயன் சொற்பம், கவசம் படத்தின் குறுக்கே வந்தால், தானியங்கிக் கருவி கதிரைக் கூட்டிவிடவும் கூடும். ஆனால் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பெற்றோருக்குக் கவசம் வேண்டும். கருவுற்ற பெண் அங்கே நிற்கவே கூடாது.

மும்பையிலுள்ள அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் 1983 முதல் இத்துறையைக் கண்காணித்து வருகிறது. கருவியை இயக்கும் ஊழியருக்கு ஆண்டொன்றில் 30 மில்லி சீவர்ட்டுக்கு மேற்படலாகாது என்ற வரம்புண்டு. நோயாளிக்கு அத்தகைய வரம்பில்லை. தேவை என்னும் நியாயமே வரம்பு. ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நமக்குத்தான் அந்நியாயம் அடிக்கடி தவறிப்போகிறது. கும்பகோணத்தில் ஒரு டாக்டர், இங்கே ஒரு டாக்டர். அங்கெடுத்த படம் இங்கு வருவதில்லை.

எம் பெரியப்பா அங்கிருந்து வந்தபோது, முன்பு ஸ்கான் எடுத்த நிலையத்தார் கைப்பேசியில் அனுப்பிய மங்கலான ஒரு படமே அவரிடம் இருந்தது. நெஞ்சில் ஒரு புள்ளி தெரிந்ததால் இங்கே மீண்டும் ஸ்கான் எடுத்தனர். மூன்று மாதத்தில் இன்னொன்றும் வேண்டுமென்றனர். அன்று இரவு பெரியம்மா உறங்கவில்லை. இரண்டாம் முறை சென்றபோது மராட்டிய ஊழியர் ஒருவர், "ஆஜோபா, ஜுனே ரிபோர்ட் ஆஹேத் கா?" என்று கேட்டார். பழைய அறிக்கை உண்டா என்ற அந்த ஒரு கேள்வியால் ஊரில் தேடச் சொன்னோம். ஈராண்டுக்கு முன் எடுத்த பிலிம் பரண்மேல் அகப்பட்டு, அண்ணன் மகன் ரயிலில் கொண்டுவந்து சேர்த்தான். டாக்டர் இரண்டையும் விளக்குப் பெட்டியில் அருகருகே மாட்டிப் பார்த்தார். புள்ளி அன்றிருந்த அளவிலேயே இருந்தது. என்றோ ஆறிப்போன காசநோயின் தழும்பாக இருக்கலாம் என்றார். மூன்றாவது ஸ்கானுக்குக் குறித்திருந்த சீட்டை அவரே அடித்துவிட்டார்.