இரண்டு ‘கானா’

வடக்கே குடியேறிய நம்மவர்க்கு ஹிந்தியில் பேரிடர் தருவது உச்சரிப்பே. உணவைக் குறிக்கும் சொல்லையும் பாட்டைக் குறிக்கும் சொல்லையும் தமிழில் எழுதினால் இரண்டும் ‘கானா’தான்! முன்னதில் மூச்சு வெடித்தெழும், பின்னதில் அஃதில்லை.

தில்லிக்கு வந்தது முதல் பேச அஞ்சி வீட்டினுள் அடங்கியிருந்த என் தாயார், இப்போது கைப்பேசியிடம் பேசிப் பயில்கிறார். பேசியதை அது எழுத்தாக்கிக் காட்டும். ஆயினும் முழு வாக்கியமாகச் சொன்னால், முன்பின் சொற்களைக் கொண்டு ஊகித்துச் சரியாகவே எழுதிவிடக்கூடும். நாவின் பிழை மறைந்துபோகும். ஆதலின் அமைதியான அறையில் தனித்தனிச் சொல்லாகச் சொல்லிச் சோதிப்பதே நன்று. உதட்டின்முன் மெல்லிய தாளையும் பிடிக்கலாம். உணவுக்குரிய சொல்லில் அது அசைதல் வேண்டும்.

சென்ற வாரம் அண்டைவீட்டு அம்மையாரைத் தாயார் தாமே உணவுக்கு அழைத்தார். அவரும் பாட்டை எதிர்பாராமல், பசியோடு வந்து சேர்ந்தார்.