சோமாலியாவைச் சாட்சிக்கு இழுத்தேன்

அரசின்மைவாதம் பேசுகிறவர்களை மடக்க வெகுகாலம் என்னிடம் இருந்த ஒரே ஆயுதம் சோமாலியா. "அரசே வேண்டாமா? மொகதிஷுவில் போய்க் குடியிருந்து பார்" என்பேன். பேச்சு அதோடு முடிந்துவிடும். எங்கள் வாசகர் வட்டத்தில் அரசின்மைவாதச் சிந்தனையாளர் குரோபோத்கினை ஊன்றிப் படித்துவந்த ஒரு தம்பியிடமும் எல்லார் முன்னிலையிலும் இதையே சொன்னேன். "அண்ணா, அங்கே யாராவது அதை முயன்று பார்த்தார்களா?" என்று கேட்டான். பதில் சொல்லாமல் சிரித்தேன்; மற்றவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். அதன்பிறகு அவன் வட்டத்துக்கு வரவே இல்லை. இன்று எங்கே இருக்கிறான் என்றும் தெரியவில்லை.

சோமாலியாவைப் பற்றி ஒழுங்காகப் படிக்க உட்கார்ந்தது அதற்கு ரொம்பப் பிறகுதான். 1991 ஜனவரியில் சர்வாதிகாரி சியாத் பர்ரே தலைநகரைவிட்டு ஓடி, அரசே இல்லாமல் போனதும், அடுத்த ஆண்டின் பஞ்சமும் எனக்குத் தெரிந்தவை. அதற்கு முந்தைய பக்கங்களை நான் புரட்டியதே இல்லை. 1988, வடக்கே ஹர்கெய்சா நகரம். கிளர்ச்சியை ஒடுக்கக் கிளம்பிய அரசின் போர்விமானங்கள் அந்த ஊர் விமான நிலையத்திலிருந்தே மேலேறி, அந்த ஊர் மீதே குண்டு போட்டன. அங்கேயே இறங்கின. மறுபடி குண்டு ஏற்றிக்கொண்டு கிளம்பின.

அந்த இடத்தில் படிப்பதை நிறுத்திவிட்டேன். அரசு இல்லாததால் வந்த அழிவு என்று நான் சொல்லிவந்ததில் எவ்வளவோ, அரசு இருந்தபோதே அரசு செய்தது. பிறகு தெருவில் சுட்டுக்கொண்டவர்கள் கையில் இருந்ததும் பர்ரேயின் ஆட்சிக்கு முதலில் சோவியத் யூனியனும் பின்னர் அமெரிக்காவும் கொட்டிக் கொடுத்த ஆயுதங்கள்தான். காலியான நாற்காலிக்காகத்தான் அவர்கள் அடித்துக்கொண்டார்கள். நாற்காலியே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை.

அதற்காக, அரசில்லாமலே அங்கே எல்லாம் நன்றாக நடந்தது என்று மறுபக்கம் சாயவும் என்னால் முடியவில்லை. மத்திய வங்கி போன பிறகும் சோமாலி ஷில்லிங் செலாவணியில் இருந்தது. தொலைபேசித் தொழில் வளர்ந்தது. பல அளவீடுகளில் மக்கள் நிலை முன்பைவிட மேம்பட்டது என்று பொருளியலாளர் பீட்டர் லீசன் 2007-இல் எழுதினார். ஆனால் அவர் ஒப்பிட்டது ஒரு கொடுங்கோலாட்சியோடு. 'ஹீர்' என்னும் வழக்காற்றுச் சட்டப்படி பெரியவர்கள் மரத்தடியில் கூடி வழக்கைத் தீர்க்கிறார்கள். கொலைக்கு ஈடாக ஒட்டகங்களைக் குலமே சேர்ந்து கொடுக்கிறது. அழகான ஏற்பாடுதான். ஆனால் அந்தச் சபையில் பெண்களுக்கு இடமில்லை. பலம் குறைந்த குலத்தவருக்கு நியாயமும் குறைவாகவே கிடைக்கிறது. குலத்தில் யாரும் விரும்பிச் சேர்வதில்லை, பிறக்கிறார்கள். விரும்பிக் கூடும் மனிதர்களைப் பற்றி எழுதிய குரோபோத்கினின் கணக்கில் இதை எப்படி வரவு வைப்பது?

அரசின்மைவாதத்தை முயன்று பார்த்த சோதனை என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், 1936-இன் பார்சிலோனாவைச் சொல்வேன். டிராம் தொழிலாளர்கள் நிர்வாகத்தைக் கையிலெடுத்து, வண்டிகளுக்குச் சிவப்பும் கறுப்பும் பூசி ஓட்டினார்கள். அந்தக் கொள்கையைத் தெரிந்தே, அதற்காகவே செய்தார்கள். அதுவும் ஸ்பானிய உள்நாட்டுப் போருக்கு நடுவில். 1937 மே மாதத் தெருச்சண்டைகளுக்குப் பிறகு அவர்கள் கை தாழ்ந்துவிட்டது. இருந்தாலும் அந்த டிராம்கள் ஓடின.

இனி யாராவது ஒரு நாட்டின் பெயரைச் சொல்லி உங்கள் வாயை அடைக்க வந்தால், எந்த ஆண்டு, எந்த ஊர் என்று கேளுங்கள்.