ஒரு சின்னப் பெட்டியும் ஒரு பழைய கோப்பும்

சென்ற வாரம் வீட்டு இண்டர்நெட் பெட்டி கெட்டுப்போய், மாற்ற ஒரு பையன் வந்தான். புதியதைச் சுவரில் மாட்டிவிட்டு, "பச்சை லைட் எரிஞ்சா எல்லாம் சரின்னு அர்த்தம், தாத்தா" என்று சொல்லிவிட்டுப் போனான். அந்தப் பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தபோது 2008இல் நடந்த ஒன்று நினைவுக்கு வந்தது. இதுவரை இங்கே எழுதாமல் தள்ளிப்போட்டு வந்த விஷயம். என் பிழையும் அதில் இருப்பதால்தான் தள்ளிப்போட்டேன்.

நான் படித்தது பிரெஞ்சு வழியில். புதுச்சேரியில் என் வயதுக்காரர்கள் சிலருக்கு இது புரியும். கூட்டல் கழித்தல்கூட இன்றைக்கும் எனக்குப் பிரெஞ்சில்தான் முதலில் வாயில் வரும். 1962 ஆகஸ்ட் 16இல் சட்டப்படி இந்தியாவோடு இணைந்த பிறகு, அலுவலகங்களில் ஆங்கிலம்தான் எல்லாம் என்று ஆகிவிட்டது. நான் எழுத்தராகச் சேர்ந்தபோது என் பிரெஞ்சு எத்தா சிவில் பதிவேடுகளைப் படிக்க மட்டும் பயன்பட்டது. யாருடைய தாத்தா எந்தத் தேதியில் பிறந்தார், பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது, இவ்வளவுதான். ஆங்கிலத்தில் குறிப்பு எழுதக் கற்றுக்கொள்ள ஏழெட்டு வருஷம் ஆயிற்று. கற்றுக்கொண்ட பிறகு அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. அந்தக் கர்வம் இந்தக் கதைக்குள் வரும்.

எங்கள் துறைக்கு ஒரு குளிர் கிடங்கு இருந்தது. எந்தத் துறை, எந்தக் கிடங்கு என்பதெல்லாம் வேண்டாம். மருந்துகள் வைக்கும் அறை. இன்சுலின், பாம்புக்கடி மருந்து மாதிரியானவை 2 டிகிரிக்கும் 8 டிகிரிக்கும் நடுவில் இருக்கவேண்டும். சூடானாலும் கெடும், உறைந்தாலும் கெடும். அறையின் கட்டுப்பாட்டுப் பெட்டி பிரான்சில் செய்தது. வெப்பம் எல்லை மீறினால் காவலர் அறையில் ஒரு சைரன் கத்தும்.

2005 மே மாதம், ஒருநாள் காலையில் கிடங்கைத் திறந்தபோது உள்ளே 17 டிகிரி. இரவில் எப்போதோ அந்த அறையின் பிரேக்கர் மட்டும் விழுந்திருக்கிறது. தெருவில் கரண்ட் இருந்தது, மற்ற விளக்குகள் எரிந்தன, அதனால் ஜெனரேட்டரும் ஓடவில்லை. மருந்து எல்லாம் வீண். அன்றிரவு பணியில் இருந்த காவலர் என்னைவிட மூன்று வயது மூத்தவர். நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னை சார் என்பார். விசாரித்தபோது ஒரே பதில்தான் சொன்னார்.

"மணி அடிக்கலை சார். அடிச்சிருந்தா எனக்குக் காது கேக்காமலா போயிடும்?"

யாரும் நம்பவில்லை. மாதா மாதம் சைரனைச் சோதித்ததற்குப் பதிவேடு இருந்தது. பொத்தானை அழுத்தினால் கத்தும். கத்தியது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தது. விபத்து நடந்த அன்று மதியம்கூட அழுத்திப் பார்த்தார்கள், ஊரே கேட்கும்படி கத்தியது. ஆகவே காவலர் தூங்கிவிட்டார் என்பது முடிவு. குற்றச்சாட்டு மெமோவை வரைந்தவன் நான். அபாய ஒலி எழுந்தும் அலட்சியமாக இருந்தார் என்று ஆங்கிலத்தில் ஒரு நீண்ட வாக்கியம். அதிகாரி படித்துவிட்டு, "நல்லா வரைஞ்சிருக்கீங்க" என்றார். ஒலி எழுந்தது என்பதற்கு என்னிடம் என்ன சான்று என்று நான் என்னையே கேட்டுக்கொள்ளவில்லை. மூன்று ஆண்டுக்கு அவருடைய இன்கிரிமெண்ட் நிறுத்தப்பட்டது. அது முடிவதற்குள்ளேயே 2007இல் அவர் ஓய்வு பெற்றார். கடைசிச் சம்பளம் குறைந்தால் ஓய்வூதியம் குறையும் என்பதை எழுத்தர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அடுத்த ஆண்டு, கிடங்கைக் கண்காணிக்கப் புது ஏற்பாடு செய்தார்கள். ஒப்பந்தக்காரர் அனுப்பிய இளைஞர் இரண்டு சின்னப் பெட்டிகளோடு வந்தார். வெற்றிலைப் பெட்டி அளவுதான் இருக்கும். ஒரு பக்கம் ஒன்பது முள் கொண்ட சீரியல் இணைப்பு, இன்னொரு பக்கம் லேன் கேபிள் செருகும் வாய், ஓரத்தில் மின்கம்பிகளைத் திருகி மாட்டும் பச்சைக் கட்டை. ஒரு பெட்டி குளிர் அறையில், மற்றது 60 மீட்டர் தள்ளிக் காவலர் அறையில். கட்டுப்பாட்டுப் பெட்டி சீரியல் வழியாகச் சொல்லும் வெப்ப அளவு, அபாய ரிலேயின் நிலை இரண்டையும் முதல் பெட்டி வாங்கி ஈத்தர்நெட்டில் அனுப்பும். மறுமுனைப் பெட்டி அளவைக் கணினிக்குக் கொடுக்கும், அபாயம் என்றால் தன்னுடைய ரிலேயை இயக்கி ஒரு புது சைரனைக் கத்தவைக்கும். சீரியல் கம்பியை நேராக இழுக்கக்கூடாதா என்று கேட்டேன். 15 மீட்டருக்கு மேல் அதை நம்ப முடியாது, லேன் கேபிள் என்றால் 100 மீட்டர் போகும் என்றார்.

என்னைக் கூப்பிட்டதற்குக் காரணம், கட்டுப்பாட்டுப் பெட்டியின் கையேடு பிரெஞ்சில் மட்டும் இருந்ததுதான். பதினெட்டு வருஷமாக அலமாரியில் கிடந்த புத்தகம், ஓரமெல்லாம் செல்லரித்து இருந்தது. "சார், நீங்க பிரெஞ்சு படிச்சவராமே" என்றார் அந்தப் பையன். ஓய்வு பெற இரண்டு வருஷம் இருக்கும்போது, எத்தா சிவில் தவிர வேறொன்றுக்கு என் பிரெஞ்சைக் கேட்ட முதல் ஆள் அவர்.

முதல் சிக்கல் சீரியலில். திரையில் எண்கள் வந்தன, ஆனால் பாதி குப்பை. உற்றுப் பார்த்தால் 0, 3, 5, 6, 9 மட்டும் சரியாக வந்தன. 1, 2, 4, 7, 8 வரவேண்டிய இடத்தில் ஏதோ கிறுக்கல். பையன் கம்பியை மாற்றினார், வேகத்தை மாற்றினார். வேகம் 9600 என்பது சரிதான். நான் கையேட்டைப் புரட்டி ஒரு வரியைக் காட்டினேன்: 7 பிட், பாரித்தே பேர்.

"அது பேரிட்டின்னு தெரியுது சார். பேர்னா என்ன, ஜோடியா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பள்ளியில் முதல் வருஷமே சொல்லிக்கொடுப்பது: பேர் என்றால் இரட்டைப்படை, அம்பேர் என்றால் ஒற்றைப்படை. அவர் எட்டு பிட், பேரிட்டி இல்லை என்று வைத்திருந்தார். மாற்றியதும் எண்கள் சுத்தமாக வந்தன. ஏன் சில எண்கள் மட்டும் தப்பித்தன என்பதையும் அவரே காகிதத்தில் போட்டுக் காட்டினார். ஒவ்வொரு எழுத்தும் ஒன்று, சுழி என்று ஏழு புள்ளிகளாக வருகிறது. ஒன்றுகளின் எண்ணிக்கை ஏற்கெனவே இரட்டைப்படையாக இருந்தால் எட்டாவது புள்ளி சுழி, எழுத்து கெடாது. ஒற்றைப்படையாக இருந்தால் எட்டாவது இடத்தில் ஒரு ஒன்று சேர்ந்து, எழுத்தே வேறாகத் தெரியும். அந்தக் காகிதத்தை நான் ரொம்ப நாள் வைத்திருந்தேன்.

பிரெஞ்சுக்காரன் தசமத்துக்குப் புள்ளி வைக்கமாட்டான், காற்புள்ளிதான் வைப்பான் என்பதால் 4.6 டிகிரியைக் கணினி 46 என்று படித்து அலறியது தனிக்கதை.

அடுத்தது அபாய ரிலே. அதில் இரண்டு ஜோடித் தொடர்புகள் இருந்தன. ஒன்று பழைய சைரனுக்குப் போயிற்று, மற்றது சும்மா இருந்தது. 21க்கும் 24க்கும் நடுவில் இருப்பது 'உவேர் ஓ ரெப்போ', அதாவது ஓய்வு நிலையில் திறந்திருக்கும் என்று கையேடு சொன்னது. நான் அப்படியே மொழிபெயர்த்துக் கொடுத்தேன். பையன் அதைப் புதுப் பெட்டியில் மாட்டி, தொடர்பு மூடினால் அபாயம் என்று அமைத்தார். மாட்டிய நிமிஷமே காவலர் அறையில் சைரன் கத்தத் தொடங்கிவிட்டது. அறையில் 5 டிகிரி, எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கம்பியைக் கழற்றினால் அடங்கும், மாட்டினால் கத்தும். பெட்டியில் கோளாறு, மாற்றித்தர வேண்டும் என்று அவர் தன் அலுவலகத்துக்குப் போன் போட்டார்.

நான் கையேட்டோடு மாமரத்தடியில் போய் உட்கார்ந்தேன். இரண்டு பக்கம் முன்னால் போனால் ஒரு சின்னக் குறிப்பு: ரிலே 'செக்யூரித்தே பொசித்தீவ்' முறையில் இயங்கும். இந்தச் சொல் பள்ளியில் படித்ததல்ல. மெதுவாகப் படித்தபோதுதான் விளங்கிற்று. எல்லாம் ஒழுங்காக இருக்கும்வரை ரிலேக்குள் கரண்ட் ஓடிக்கொண்டே இருக்கும். வெப்பம் எல்லை மீறினாலோ, மின்சாரமே போனாலோ அது விழும். அப்படி விழுந்து கிடப்பதற்குப் பெயர்தான் ரெப்போ, ஓய்வு. நாங்கள் இரண்டு பேரும் ஓய்வு என்றால் தொந்தரவில்லாத நேரம் என்று எடுத்துக்கொண்டோம். நேர்மாறு. தொந்தரவு இல்லாத நேரமெல்லாம் அதற்கு வேலை நேரம்.

விளக்கியதும் பையன் நெற்றியில் அடித்துக்கொண்டார். பெட்டியில் ஒரு குறியை மாற்றினார்: தொடர்பு திறந்தால் அபாயம். சைரன் அடங்கிற்று. இதில் இன்னொரு நன்மையும் உண்டாம். எலி கம்பியைக் கடித்தாலும் தொடர்பு திறந்ததாகவே கணக்கு, சைரன் கத்தும். லேன் கேபிளைப் பிடுங்கினாலும் மறுமுனைப் பெட்டி தானாகக் கத்தும்படி வைத்தார். பெட்டிகளுக்கும், நடுவில் இருக்கும் நெட்வொர்க் சுவிட்சுக்கும் யு.பி.எஸ். கொடுத்தார். புது சைரனுக்குத் தனி பேட்டரி.

கடைசியாக, மின்சாரம் போனால் என்ன ஆகிறது என்று பார்க்கக் குளிர் அறையின் பிரேக்கரை இறக்கினார். காவலர் அறையிலிருந்து புது சைரன் பிரமாதமாகக் கத்தியது. கைதட்டினோம். அப்போது அவர்தான் கேட்டார்.

"ஏன் சார், பழைய சைரனும் இப்ப கத்தணுமே? அதே ரிலேதானே?"

பழையது மௌனமாக இருந்தது. பிரேக்கரை ஏற்றி, சோதனைப் பொத்தானை அழுத்தினால் கத்தியது. இறக்கினால் இல்லை. கம்பியைத் தொடர்ந்துகொண்டே போனார். பழைய சைரனுக்குக் கரண்ட் அந்தக் குளிர் அறையின் பிரேக்கரிலிருந்தே எடுத்திருந்தார்கள். பிரேக்கர் விழுந்தால் ரிலே சரியாகத் தன் கடமையைச் செய்யும், ஆனால் சைரனுக்கு ஊத மூச்சு இருக்காது. அறை வைத்த நாளிலிருந்தே அப்படித்தான். மாதா மாதம் கரண்ட் இருக்கும்போது பொத்தானை அழுத்திவிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கிறோம்.

பையனுக்கு அது ஒரு சின்னத் தப்பு, குறித்துக்கொண்டார். எனக்குக் கால் தள்ளாடிற்று. மணி அடிக்கலை சார் என்ற குரல் காதில் கேட்டது.

பிரேக்கரை இறக்கிய நேரம், எந்த சைரன் ஒலித்தது, எது ஒலிக்கவில்லை என்பதை எழுதித் தரச் சொல்லி அவரிடம் கையெழுத்து வாங்கினேன். மறுநாள் பழைய கோப்பை எடுத்துக் குறிப்பு எழுதினேன். தண்டனை கொடுத்தபோது கையில் இல்லாத சான்று பின்னால் கிடைத்தால், அதை மறுபடி பார்க்க 1965ஆம் ஆண்டு ஒழுங்கு விதிகளில் இடம் இருக்கிறது. அதிகாரி புதியவர், நல்லவர்தான். "முடிஞ்ச கோப்பு. ஆளும் ரிட்டயர் ஆயாச்சு. இதை எடுத்தா சைரன் போட்டவன்ல ஆரம்பிச்சு எல்லாரையும் கேக்கணும். உங்க மெமோவையும் கேப்பாங்க" என்றார். கேட்கட்டும் சார் என்றேன். பெரிய வீரம் ஒன்றுமில்லை, இரண்டு வருஷத்தில் வீட்டுக்குப் போகிறவனை என்ன செய்துவிடுவார்கள் என்ற தைரியம்தான்.

கோப்பு மேலே போயிற்று, விளக்கம் கேட்டுக் கீழே வந்தது, மறுபடி போயிற்று. நான் ஓய்வு பெறுவதற்கு நாலு மாதம் முன்பு தண்டனையை நீக்கி உத்தரவு வந்தது. நிலுவைத் தொகை பெரிதில்லை. உத்தரவின் நகலை நானே எடுத்துக்கொண்டு முத்தியால்பேட்டையில் அவர் வீட்டுக்குப் போனேன். அதற்கு முன் போக எனக்கு முகம் இல்லை.

திண்ணையில் உட்காரவைத்து அண்ணி காபி கொடுத்தார்கள். சைரன், பிரேக்கர், ரிலே எல்லாவற்றையும் சொன்னேன். அந்த மெமோவை வரைந்தவன் நான் என்பதையும் சொன்னேன்.

"தெரியும் சார்" என்றார். "அப்பவே செக்‌ஷன்ல சொன்னாங்க. நீங்க வேற என்ன எழுதியிருக்க முடியும்?"

எனக்குக் காபி இறங்கவில்லை. உத்தரவை வாங்கி மகனிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். படித்து முடித்ததும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"இப்ப அங்க ராத்திரி டூட்டி யாரு சார்?"

சொன்னேன். பேட்டரி வைத்த சைரன் இருக்கிறது, கரண்ட் போனாலும் கத்தும், நானே என் காதால் கேட்டேன் என்றும் சொன்னேன்.

"அப்ப சரி" என்றார்.