நெல்லையிலிருந்து கோவைக்கு

கோவைக்குக் குடிவந்து 8 மாசமாச்சு. ஆடியில பாலக்காட்டுக் கணவாய் வழியா வர்ற காத்துக்கே ஊர் மாத்தலாம். சிறுவாணித் தண்ணியையும் குறை சொல்ல முடியாது. தாமிரபரணி குடிச்சு வளர்ந்த நாக்குக்குப் பழகத்தான் கொஞ்ச நாளாச்சு. சம்பளம் கூடியிருக்கு, வாடகை அதைத் தின்னுடுது. அது கிடக்கட்டும்.

முதல் நாள் மளிகைக் கடையில "அண்ணாச்சி, கால் கிலோ உளுந்து"ன்னேன். "திருநெல்வேலிங்களாண்ணா?"ன்னு சிரிச்சார். இங்க எல்லாத்துக்கும் ஒரு 'ங்க'. நாலு வயசுப் பொடியனையும் 'வாங்க, போங்க'தான்.

என் மகளும் கத்துக்கிட்டா. போன வாரம் ஊருக்குப் போன் போட்டு, "ஆச்சி, சாப்டீங்களா?"ன்னா. அந்தப் பக்கம் சத்தமே இல்ல. அப்புறம் அம்மா கேட்டா: "ஏட்டி, யாருட்டயோ பேசுத மாதிரில்லா பேசுத?"